அய்யா வைகுண்டர்: அருளாளரா, அரசியல் கிளர்ச்சியாளரா?

தவம் செய்பவரிடம் படை இல்லை, பொருள் இல்லை, கோட்டை கொத்தளம் இல்லை. ஆயினும், ஆள்வோர் சில வேளைகளில் அவரைக் கண்டு அஞ்சுகின்றனர், சிறையில் அடைக்கின்றனர், கொன்றும் விடுகின்றனர். ஏன்? வரலாறு கற்பிக்கும் ஆசிரியரும் கற்கும் மாணவரும் தம்மைத்தாமே கேட்டுக்கொள்ள வேண்டிய வினா இது.

இதற்கு உலகறிந்த சான்று இயேசு பெருமானின் வரலாறு. யூதேயா நாட்டில் கி.பி. 6-ஆம் ஆண்டில், ரோமரின் குடிக்கணக்கையும் வரியையும் எதிர்த்துக் கலிலேயனாகிய யூதா என்பவன் கிளர்ந்தெழுந்தான். ஒரு தலைமுறை கழிந்து, பிலாத்து ஆளுநனாக இருந்த காலத்தில், இயேசு சிலுவையில் அறையப்பட்டார். சிலுவை, ரோமர் கலகக்காரர்க்கும் அடிமைகட்கும் விதித்த தண்டனை. அவர் தலைக்கு மேல் எழுதி வைத்த குற்றமோ, யூதரின் அரசர் என்பது. எனினும், அவர் படை திரட்டவில்லை. சீசருக்குரியதைச் சீசருக்குக் கொடுக்குமாறே கூறினார். அவர் அரசியல் கிளர்ச்சியாளரா என்னும் வழக்கு, பதினெட்டாம் நூற்றாண்டு முதல் அறிஞரிடையே நடந்து வருகிறது.

இதே வினாவை நம் தமிழ் மண்ணில் வைத்து ஆராய்தற்கு உரியவர் ஒருவர் உளர். அவரே அய்யா வைகுண்டர்.

இன்றைய கன்னியாகுமரி மாவட்டம் 1956 நவம்பர் முதல் நாளில்தான் தமிழ்நாட்டோடு இணைந்தது. அதற்கு முன் அது திருவிதாங்கூர் மன்னரின் ஆட்சிப் பகுதியாக இருந்தது. அங்கு, சாணார் என அந்நாளில் அழைக்கப்பட்ட நாடார் மக்களும், அவரினும் கீழாக வைக்கப்பட்ட மக்களும் பட்ட துன்பம் பெரிது. தலைக்கு வரி, பனைக்கு வரி, கூலியின்றிச் செய்ய வேண்டிய ஊழியம். பெண்கள் மார்பை மறைக்கும் மேலாடை அணிதலும் குற்றமாயிற்று. 1829-இல் வெளிவந்த அரசாணை அவ்வுரிமையை வெளிப்படையாகவே மறுத்தது.

இச்சூழலில், 1809-இல், சாமித்தோப்பில் ஓர் எளிய குடும்பத்தில் பிறந்த குழந்தைக்கு முடிசூடும் பெருமாள் என்று பெற்றோர் பெயரிட்டனர். தாழ்ந்த குடிப் பிள்ளைக்கு முடியோடு கூடிய பெயரா என்று மேற்குடியினர் சினந்ததால், அப்பெயர் முத்துக்குட்டி என மாற்றப்பட்டதாக வழிவழிச் செய்தி கூறும். பெயரில்கூட முடி சூடலாகாது என்பதே அந்நாளைய நீதி போலும்!

1833-ஆம் ஆண்டு மாசித் திங்களில், நோயுற்றிருந்த முத்துக்குட்டி திருச்செந்தூர்க் கடலுள் சென்றார். முத்துக்குட்டியாகச் சென்றவர் வைகுண்டராக மீண்டார் என்பது அவர் அடியார்களின் நம்பிக்கை. பின்னர்ச் சாமித்தோப்பில் தவமிருந்தார். மக்கள் திரள் திரளாக அவரை நாடி வந்தனர்.

அவர் செய்தவை யாவை? உருவச் சிலையையும் உயிர்ப்பலியையும் விலக்கினார். வழிபாட்டிடத்தில் கண்ணாடியை நிறுவச் செய்தார். வணங்க வருபவன் தன்னுருவையே அதிற் காண்கிறான். இறைவன் உன்னுள்ளே உளன் என்பதை இதனினும் எளிதாக எவ்வாறு உணர்த்த இயலும்? எல்லாச் சாதியாரும் நீரெடுக்கும் பொதுக் கிணறு கண்டார். ஆடவரைத் தலைப்பாகை கட்டிக்கொண்டு வழிபடச் சொன்னார். துவையல் தவசு என்னும் பெயரால் எழுநூறு குடும்பத்தார் கடற்கரையில் கூடி வாழ்ந்து, நாள்தோறும் ஆடை துவைத்து, நீராடி, மரக்கறி உண்டு ஒழுகியதாக அவர் மரபு கூறுகிறது. ஊர்தோறும் நிழல் தாங்கல்கள் எழுந்தன.

இவற்றுள் வாள் எங்கே? வேல் எங்கே? ஒன்றுமில்லை. எனினும், 1838-இல் மன்னர் சுவாதித் திருநாளின் அரசு அவரைப் பிடித்துத் திருவனந்தபுரத்தில் நூறு நாள்களுக்கு மேல் சிறை வைத்தது. 1839-இல் அவர் விடுதலையானார். தம் சாதியாரன்றிப் பிறரைச் சேர்ப்பதில்லை என்று இசைந்தால் விடுவதாக அரசு கூறியதென்றும், அதற்கு அவர் உடன்படவில்லை என்றும் அடியார்கள் கூறுவர். இச்செய்தி கருதத்தக்கது. ஒரு சாதியார் தமக்குள் வழிபடுவது குறித்து அரசுக்கு அச்சமில்லை. பல சாதியார் ஒன்றுகூடுவதே அதன் அச்சம் என்பது இம்மரபின் பார்வை.

அச்சத்திற்கு இன்னும் ஆழமான காரணம் ஒன்றும் உண்டு. 1750-இல் மார்த்தாண்டவர்மர் தம் நாட்டைப் பத்மநாபசுவாமியின் திருவடியில் ஒப்படைத்தார். அதுமுதல் மன்னர்கள் பத்மநாபதாசர் என்னும் பெயரோடு, அப்பெருமாளின் ஊழியராகவே ஆண்டனர். மன்னரின் ஆணை திருமாலின் ஆணை என்பதே அவ்வாட்சியின் அடிப்படை. வைகுண்டரோ, அத்திருமாலே தாழ்ந்து கிடப்போரைக் காக்கத் தம் உருவில் வந்ததாக அறிவித்தார். திருமால் பனையேறிகளின் பக்கம் வந்துவிட்டால், அரண்மனையில் எஞ்சுவது யாது? படையால் செய்ய இயலாததை இந்த ஒரு சொல் செய்தது. அரசின் அடித்தளமே அசைந்தது.

1841-இல் அவர் சீடர் அரிகோபாலர் எழுத்தில் வடித்த அகிலத்திரட்டு அம்மானை இதனை மேலும் தெளிவாக்குகிறது. திருவிதாங்கூர் மன்னரை அந்நூல் கலிநீசன் என்கிறது. ஆங்கிலேயரை வெண்ணீசன் என்கிறது. வரிக்கொடுமையை விரித்துரைக்கிறது. கலி அழிந்தபின், வைகுண்டரே அரசராக இருந்து ஆளும் தருமயுகம் வரும் என்கிறது. உள்ளூர் மன்னரையும் அயல்நாட்டாரையும் ஒருசேரக் கண்டித்த பாங்கு, அந்நாளில் அரிது.

எனின், அவரை அரசியல் கிளர்ச்சியாளர் என்றே முடித்துவிடலாமா? அவசரம் கூடாது. அகிலம் அடியாரின் நூல். 1840-களில் லண்டன் மிஷன் தொண்டர் எழுதிய அறிக்கைகளோ, தம் பணிக்கு அவரைத் தடையாகக் கண்டவர்களின் கூற்று. இரண்டையும் ஒப்புநோக்கியே கொள்ள வேண்டும். மேலும், 1851-இல் அவர் மறைந்தபோது மன்னராட்சி நிலைத்தே இருந்தது. 1859-இல் மேலாடை உரிமை கிடைத்ததற்கு மக்களின் போராட்டமும் மிஷனரிமாரின் முயற்சியும் சென்னை ஆளுநரின் நெருக்குதலும் காரணமாயின. அனைத்தையும் ஒருவர் கணக்கில் எழுதுதல் வரலாறாகாது.

எனவே, என் முடிபு இது: அரியணையைக் கவர முயல்பவனே கிளர்ச்சியாளன் எனின், வைகுண்டர் கிளர்ச்சியாளர் அல்லர். ஆனால், சாதி ஒழுங்கே அரசின் ஒழுங்காக இருந்த நாட்டில், தலைப்பாகை கட்டுவதும் பொதுக் கிணற்றில் நீர் மொள்வதும் அரசியலே ஆகும். சமயம் வேறு, அரசியல் வேறு என்னும் பிரிவு நம் காலத்தது. அதனை அவர்மேல் ஏற்றிக் கேட்பதால்தான் நம் வினா இரண்டுபட்டு நிற்கிறது.

பேராக் மாநிலத் தோட்டப்புறத்தில் வளர்ந்த எனக்கு இது நூலறிவு மட்டுமன்று. துரை எதிர்ப்பட்டால் மிதிவண்டியிலிருந்து இறங்கி நிற்க வேண்டும் என்பது என் பாட்டனார் காலத்துத் தோட்டச் சட்டம். அதைக் கூறும்போதெல்லாம், எழுபது வயதிலும், அவர் கை தோளில் கிடந்த துண்டைத் தானாகவே எடுத்து இடுப்பில் கட்டிக்கொள்ளும். 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது, கூலி உயர்வோடு, மிதிவண்டியிலிருந்து இறங்கும் வழக்கம் ஒழிய வேண்டும் என்பதையும் கோரிக்கையாக வைத்தனர். துப்பாக்கிச் சூட்டில் உயிர்களும் போயின. வயிற்றுக்கு அடுத்தபடியாக, ஏன், வயிற்றோடு சமமாகவே, மனிதன் மானத்தைக் கேட்கிறான் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

ஆசிரிய நண்பர்களுக்கு ஒரு சொல். சமய முதல்வர்களைப் பற்றிப் பாடம் நடத்துங்கால், அற்புதங்களை மட்டும் கூறி நின்றுவிடாதீர்கள். அவர் வாழ்ந்த நாளில் வரி எவ்வளவு, கிணறு யாருக்கு, தலைநிமிர உரிமை யாருக்கு என்று மாணவரைக் கேட்க வையுங்கள். சாமித்தோப்பில் இன்றும் ஆடவர் தலைப்பாகையோடே வழிபடுகின்றனர். அந்தத் துணி யாருடைய தலையில், எந்த நாளில், எதற்காக முதன்முதல் கட்டப்பட்டது என்பதை அறிந்த மாணவன், வரலாற்றை அறிந்தவனாவான்.