குரங்கு பாய்ந்த நாளும் செக்ரோல் புத்தகமும்

2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை. முற்பகல் பதினொன்றரை மணியளவில் இலங்கை முழுவதும் மின்சாரம் நின்றுபோனது. பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு பாய்ந்ததே காரணம் என்று மின்சக்தி அமைச்சரே அறிவித்தார். உலகப் பத்திரிகைகள் எல்லாம் அந்தக் குரங்கைப் பற்றி எழுதிச் சிரித்தன. கண்டியில் இருந்த எங்களுக்குச் சிரிக்க முடியவில்லை.

கட்டுகலையில் ஒரு மாடியறை. மலையகத் தோட்டங்களின் பழைய பதிவேடுகளை வருடி, அவற்றிலுள்ள பெயர்களைக் கணினியில் ஏற்றிவரும் சிறு ஆவணகம் அங்கே இயங்குகிறது. பத்திரிகைத் தொழிலிலிருந்து ஓய்வுபெற்ற பின்னர் என் ஞாயிற்றுக்கிழமைகள் அங்குதான் கழிகின்றன. பாட்டன் எந்தத் தோட்டத்தில் இருந்தார், எந்தக் கங்காணியின் கீழ் வேலை செய்தார் என்று கேட்டுத் தமிழகத்திலிருந்தும் கனடாவிலிருந்தும் கடிதம் வரும். பெயரைத் தட்டினால் பதிவேட்டின் பக்கம் கிடைக்கும்.

அன்று மாலை மின்சாரம் திரும்பியது. கணினி எழுந்தது, ஆனால் தரவுத்தள வழங்கி எழவில்லை. தொடங்குமாறு கட்டளை கொடுத்தால் சில வினாடிகளில் நின்றுவிடுகிறது. ஆறு ஆண்டுகளாகத் தொண்டர்கள் தட்டெழுதிய பெயர்கள் அதற்குள் இருந்தன. உதவிக்கு வந்த தம்பி ஒருவர் வட்டைப் பார்த்துவிட்டு, "ஐயா, இடம் நிரம்பிப் போச்சு. ஐபி லாக்ஃபைல் என்று இரண்டு பழைய லொக் கோப்புகள் கிடக்குது. இதை அழித்தால் வேலை செய்யும் என்று இணையத்தில் போட்டிருக்கினம்" என்றார். விரல் அழிக்கும் பொத்தானுக்கு மேல் நின்றது.

எனக்குக் கணினி நுட்பம் தெரியாது. ஆனால் எதையும் அழிப்பதற்கு முன் அது என்னவென்று கேட்பது நாற்பது ஆண்டுப் பத்திரிகைப் பழக்கம். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் படித்த பொறியியலாளர் ஒருவரைத் தொலைபேசியில் பிடித்தேன். அவர் சொன்ன முதல் வார்த்தை: "தொடாதீங்க!"

அவர் விளக்கியது இதுதான். லொக் என்று பெயர் இருந்தாலும் அது குப்பையன்று. தரவுத்தளத்தில் எந்த மாற்றம் செய்தாலும் அது முதலில் அந்தக் கோப்பில் எழுதப்படுகிறது. உரிய பக்கத்துக்கு ஆறுதலாகப் பின்னர்தான் போய்ச் சேரும். மின்சாரம் நின்ற கணத்தில் பக்கங்களுக்குப் போய்ச் சேராத பதிவுகள் அந்த இரண்டு கோப்புகளில் மட்டுமே இருக்கும். அவற்றை அழித்துவிட்டால் பாதி பழையதும் பாதி புதியதுமாகப் பக்கங்கள் ஒன்றோடொன்று முரண்பட்டு நிற்கும்.

இந்த முறைக்கு ஒரு வரலாறு உண்டு. அதில் தமிழர் ஒருவரின் பெயரும் இருப்பது நம்மில் பலருக்குத் தெரியாது. 1970களில் கலிபோர்னியாவின் சான் ஹோசேயில் ஐபிஎம் ஆய்வுகூடம் 'சிஸ்டம் ஆர்' என்ற தரவுத்தளத்தை உருவாக்கியபோது, விபத்திலிருந்து மீள்வதற்கான வழிகளை வகுத்தவர்களுள் முதன்மையானவர் ஜிம் கிரே. (2007 சனவரியில் தனியாகப் பாய்க்கப்பலில் கடலுக்குச் சென்ற அவர் திரும்பவேயில்லை.) அந்தத் தரவுத்தளம் மாற்றப்படும் பக்கத்தின் பழைய பிரதியை நிழல்போல வைத்துக்கொண்டது. பெரிய தரவுத்தளங்களுக்கு அது பாரமான முறை. 1981இல் அதே ஆய்வுகூடத்தில் சேர்ந்தார் சி. மோகன். 1955இல் தமிழ்நாட்டில் பிறந்து, சென்னை ஐ.ஐ.டி.யில் வேதிப்பொறியியல் படித்தவர். அவரும் நான்கு சகாக்களும் 1992இல் வெளியிட்ட 'ஏரீஸ்' என்ற கட்டுரை இன்று பாடப்புத்தகங்களில் இருக்கிறது. ஐபிஎம்மின் டிபி2, மைக்ரோசொப்டின் எஸ்கியூஎல் சேர்வர் முதலியவை அந்த வழியில் வந்தவை.

அதன்படி, விழுந்த தரவுத்தளம் எழும்போது மூன்று முறை குறிப்பேட்டைப் புரட்டுகிறது. முதலில், விபத்து நடந்தபோது யார் யாருடைய வேலை நடந்துகொண்டிருந்தது என்று ஆராய்கிறது. அடுத்து, முடிந்த வேலை, முடியாத வேலை என்று பாராமல் எழுதியவற்றையெல்லாம் எழுதிய வரிசையிலேயே மீண்டும் செய்கிறது. கட்டுரையாளர்கள் இதற்கு இட்ட பெயர் 'வரலாற்றைத் திரும்ப நிகழ்த்துதல்'. விழுந்த கணத்தின் நிலை அப்படியே திரும்பிய பின்னர்தான் மூன்றாவதாக, முடியாதவற்றை நீக்குகிறது. நீக்குவதையும் குறிப்பேட்டில் எழுதிவைக்கிறது. நீக்கும்போதே மறுபடி மின்சாரம் போனாலும் குழப்பம் வராது. மறுநாளே சுழற்சி முறையில் மின்வெட்டு அறிவிக்கப்பட்ட நாட்டுக்கு ஏற்ற ஏற்பாடு!

பொறியியலாளர் இதைச் சொல்லிக்கொண்டிருந்தபோது என் நினைவு மேசைமேல் கிடந்த செக்ரோலுக்குப் போனது. 1867இல் கண்டிக்கு அருகே லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை நட்ட நாள்தொட்டு மலைநாடு கணக்குப் புத்தகங்களின் நாடு. காலையில் பெரட்டுக்களத்தில் எடுத்த பேரும் மலையில் நிறுத்த கொழுந்தும் கணக்கப்பிள்ளையின் கையிலிருந்த சிறு புத்தகத்தில் முதலில் விழும். தோட்ட ஆபீசின் பெரிய செக்ரோலுக்கு அவை பிறகுதான் ஏறும். பெரிய புத்தகத்தில் தகராறு வந்தால் சின்னப் புத்தகத்தைப் புரட்டுவார்கள்.

அந்தப் புத்தகங்கள் சம்பளத்துக்கு மட்டும் உதவியவையல்ல. 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் மலையக மக்களை நாடற்றவராக்கியது. அடுத்த ஆண்டு வந்த இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் சட்டம், 1946 சனவரி 1க்கு முன் மணமானவர்கள் 7 ஆண்டுகளும் மற்றவர்கள் 10 ஆண்டுகளும் இடையறாது இங்கே வசித்ததை நிரூபிக்கும்படி கேட்டது. லயத்தில் பிறந்து லயத்தில் இறந்தவர்களிடம் வேறென்ன எழுத்து இருந்தது? பலருக்குத் தோட்டப் பதிவேடுதான் சாட்சி. ஏறத்தாழ 8 லட்சம் பேருக்காக விண்ணப்பங்கள் போயின. பிரஜாவுரிமை கிடைத்தவர்கள் ஏறத்தாழ 1 லட்சத்து 34 ஆயிரம் பேர் மட்டுமே. மீதிப்பேரை இரு நாடுகளும் பங்கிட்டுக்கொள்ள 1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் வந்தது. எஞ்சியவர்களுக்கு 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் வரும்வரை விடிவில்லை. நிராகரிப்புகளுக்குப் பதிவேடு மட்டும் காரணமென்று நான் சொல்லமாட்டேன். கொடுக்கும் மனம் இருக்கவில்லை. ஆனால் கொடுக்க மனமில்லாதவனுக்குக் கிடைக்காத ஒரு பக்கம் எவ்வளவு வசதி என்பதை விளக்கத் தேவையில்லை.

மறுபடி வழங்கிக்கு வருகிறேன். பொறியியலாளர் சொன்னபடி முதலில் பிழைகள் பதிவாகும் கோப்பைத் திறந்தோம். பிழை எண் 28: வட்டில் இடமில்லை. மின்சாரம் திரும்பியதும், தவறிப்போன நாளாந்தப் பிரதியெடுப்பு தானாகத் தொடங்கி, வருடிய படங்களை அதே வட்டில் மீண்டும் குவித்து மிச்ச இடத்தையும் விழுங்கியிருந்தது. பிரதியையும் மூலத்தையும் ஒரே வட்டில் வைத்தது எங்கள் புத்தி. மின்தாங்கியின் மின்கலம் செத்து மூன்று மாதமாகியும் மாற்றாததும் நாங்கள்தாம்.

தரவுக் கோப்புறை முழுவதையும், அந்த இரண்டு கோப்புகளோடு, வெளி வட்டொன்றுக்குப் படியெடுத்தோம். அதற்குப் பிறகே பழைய படப்பிரதிகளை அகற்றி இடம் உண்டாக்கினோம். இரவு ஒன்பதரைக்கு மீண்டும் கட்டளை கொடுத்தார் தம்பி. திரையில் வரிகள் ஓடின. ஹந்தானை மலைப்பக்கம் விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. நாங்கள் அறைவிளக்கைப் போட மறந்திருந்தோம். ஒரு நிமிடத்துக்குள் வழங்கி எழுந்துவிட்டது.

பெயர்கள் எல்லாம் இருந்தன, ஒரு குடும்பத்தைத் தவிர. தெல்தோட்டைப் பக்கத் தோட்டமொன்றின் எட்டுப் பேர்; அவர்களைச் சேமிக்கும் பொத்தானை அழுத்திய கணத்தில் மின்சாரம் போயிருந்தது. முடியாத வேலை என்று கண்டு தரவுத்தளம் ஒழுங்காக நீக்கியிருந்தது. தட்டெழுதிய பிள்ளைக்கு முதலில் பென்சிலில் கொப்பியில் எழுதிவைக்கும் வழக்கம். அடுத்த ஞாயிறு வந்து, கொப்பியைப் பார்த்து எட்டுப் பேரையும் மறுபடி ஏற்றினாள்.