லட்ச ரூபாய்க் கையெழுத்து

கண்ணை மூடிக்கொண்டு 'கே.பி.சுந்தராம்பாள்' என்று ஒரு தடவை சொல்லிப் பாருங்கள். என்ன தெரிகிறது? நெற்றி நிறைய விபூதி, கையில் கோல், எட்டுக்கட்டைக் குரல். ஔவைப் பாட்டி! முருகனோடு மல்லுக்கு நிற்கிற அந்தக் கிழவியைத் தாண்டி நமக்கு வேறெதுவும் ஞாபகம் வருவதில்லை. இந்த வாரம் நாம் பார்க்கப்போவது பாட்டியை இல்லை. 27 வயசுப் பெண்ணை.

நாமக்கல் மாவட்டத்துக்கு மேற்கு எல்லை காவிரி. ஆற்றைத் தாண்டினால் கொடுமுடி. அங்கேதான் 1908-ல் பிறந்தார் சுந்தராம்பாள். இனிஷியலைக் கவனியுங்கள். 'கே' கொடுமுடி, 'பி' பாலாம்பாள். பாலாம்பாள் அவருடைய அம்மா. அப்பா பெயரைப் போடாமல் அம்மா பெயரோடு மேடையேறி, அதே பெயரோடு சட்ட மேலவை வரைக்கும் போனவர்.

வீட்டில் சாப்பாட்டுக்கே திண்டாட்டம். ஊர் வழியாகப் போகிற ரயிலில் ஏறி, பாடிக் காசு வாங்கியது அந்தக் குழந்தை. யாரோ ஒரு புண்ணியவான் காதில் அந்தக் குரல் விழுந்தது. (யார் அந்தப் புண்ணியவான் என்பதில் ஆளுக்கு ஒரு கதை சொல்வார்கள். விடுங்கள்.) வேலு நாயர் நாடகக் கம்பெனியில் சேர்த்துவிட்டார்கள். ஆரம்ப கால வேஷங்களில் ஒன்று, நல்லதங்காள் நாடகத்தில் பசியால் அழுகிற பிள்ளை. நடிக்கக் கற்றுக்கொடுக்கவே வேண்டியிருந்திருக்காது!

அன்றைக்கு 'ஸ்பெஷல் நாடகம்' என்று ஒரு ஏற்பாடு. ராஜபார்ட், ஸ்திரீபார்ட், பபூன், ஆர்மோனியம்... எல்லோரையும் தனித்தனியாக ஒப்பந்தம் பேசிக் கூட்டிவருவார்கள். ஒத்திகை கிடையாது. மேடையில்தான் முதல் சந்திப்பு, அங்கேயே பாட்டுக்குப் பாட்டு. மைக் வராத காலம். கடைசி வரிசையில் தரை டிக்கெட்டில் உட்கார்ந்திருப்பவனுக்கும் பாட்டு கேட்கணும். இல்லாவிட்டால் ரகளை!

அப்படித்தான் 1926-ல் கொழும்பில், செங்கோட்டை எஸ்.ஜி.கிட்டப்பாவும் சுந்தராம்பாளும் ஜோடி சேர்ந்தார்கள். அந்தக் கால சூப்பர் ஸ்டார் கிட்டப்பா. அவர் முன்னால் இந்தப் பெண் தாக்குப்பிடிக்குமா என்று பேசிக்கொண்டு வந்தவர்கள், வாயடைத்துப்போய் வீட்டுக்குப் போனார்கள். மேடை ஜோடி 1927-ல் கல்யாண ஜோடி ஆனது.

இதில் ஒரு முள் இருந்தது. கிட்டப்பாவுக்கு ஏற்கெனவே மனைவி உண்டு. அவர் அங்கேயும் இங்கேயும் ஊசலாட, இந்தப் பெண் கொடுமுடியில் காத்திருந்தார். பிறந்த குழந்தை சில நாளிலேயே போய்விட்டது. இருவரும் எழுதிக்கொண்ட கடிதங்கள் பிற்காலத்தில் புத்தகமாக அச்சாகி இருக்கின்றன. படித்தால் மனசு பாரமாகிவிடும். மேடையில் எந்தக் கொம்பனுக்கும் பணியாத குரல், காகிதத்தில் அன்புக்கும் நியாயத்துக்கும் எப்படித் தவிக்கிறது! 'அமர காதல்' என்று இதை எழுதுகிறவர்கள், அந்தக் கடிதங்களை ஒரு தடவை படித்துவிட்டு எழுதினால் தேவலை.

1933 டிசம்பர் 2. கிட்டப்பா காலமானார். அவருக்கு வயசு 27, இவருக்கு 25. அன்றைக்கு உடுத்திய வெள்ளைப் புடவையை சுந்தராம்பாள் சாகிறவரை மாற்றவில்லை. இனி எந்த ஆணோடும் ஜோடியாக நடிப்பதில்லை என்றும் முடிவெடுத்துவிட்டார். யோசித்துப் பாருங்கள்... ஸ்திரீபார்ட் நடிகை ஜோடி சேரமாட்டேன் என்றால் பிழைப்பு என்னாவது?

இங்கேதான் அசன்தாஸ் வருகிறார். 'நந்தனார்' எடுக்க வேண்டும், நந்தனாராகவே சுந்தராம்பாள் நடிக்க வேண்டும் என்று நடையாய் நடந்தார். மறுத்துப் பார்த்தும் ஆள் விடுவதாயில்லை. சரி, கேட்டவுடன் ஓடிவிடுவார் என்று ஒரு தொகையைச் சொன்னார் அம்மணி: ஒரு லட்சம் ரூபாய்!

நான் பி.காம். படித்தவன். இந்த மாதிரித் தொகையைப் பார்த்தால் கை தானாகக் கணக்குப் போடும். சவரன் முப்பது ரூபாய்க்குள் விற்ற காலம் அது. ஆக, லட்ச ரூபாய்க்கு மூவாயிரம் பவுனுக்கு மேல் வரும். இன்றைய விலையால் நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள். நமக்குத் தலை சுற்றுகிறது, அசன்தாஸுக்குச் சுற்றவில்லை. 'சரி' என்றுவிட்டார்! விரட்டுவதற்காகச் சொன்ன தொகையே ஒப்பந்தமாகிவிட்டது. இந்தியாவில் ஒரு நடிகருக்குப் பேசப்பட்ட முதல் லட்சம் அதுதான் என்பார்கள்.

இன்னொரு விஷயம். நந்தனார் ஆண் வேஷம். ஆக, ஜோடி என்ற பேச்சே எழாது. சத்தியமும் காப்பாற்றப்பட்டது, சம்பளமும் வந்தது! வேதியராக நடித்தவர் சங்கீத வித்வான் மகாராஜபுரம் விஸ்வநாத ஐயர். டைரக்‌ஷன் மாணிக்லால் டாண்டன். 1935-ல் படம் வந்ததும் 'விகடனி'ல் கல்கி விமர்சனம் எழுதினார். படத்திலேயே நன்றாக நடித்தவை பனைமரமும் எருமையும் ஆடும்தான் என்கிற ரீதியில் போட்டுத் தாக்கிவிட்டார். அந்தப் படம் இன்று நமக்குப் பார்க்கக் கிடைக்காததால், கல்கி சொன்னது நியாயமா என்று தீர்ப்புச் சொல்ல முடியாது. எருமைகள் அதிர்ஷ்டசாலிகள்!

அந்தச் சமயத்தில்தான் இந்தப் பக்கம் திருச்செங்கோட்டுக்காரரான டி.ஆர்.சுந்தரம் சேலத்தில் மாடர்ன் தியேட்டர்ஸ் ஸ்டூடியோவைக் கட்டி எழுப்பிக்கொண்டிருந்தார். அவரும் சரி, சினிமாவில் எல்லோரும் சரி, கதாநாயகிகளைத் தேடிக்கொண்டிருந்த காலம் அது. சுந்தராம்பாள் கதாநாயகி என்ற வரிசையிலேயே நிற்கவில்லை. 1940-ல் மணிமேகலை, 1953-ல் ஜெமினியின் 'ஔவையார்', 1964-ல் 'பூம்புகார்' கவுந்தியடிகள், அடுத்த வருஷம் 'திருவிளையாடல்'. எல்லாமே துறவி, பக்தை, கிழவி. இவையாவும் தற்செயலாக வந்தவை என்று என்னால் நம்ப முடியவில்லை. வெள்ளைப் புடவைக்குத் தகுந்த வேஷம் தவிர வேறெதற்கும் அவர் கதவைத் திறக்கவில்லை என்றே தோன்றுகிறது.

'பூம்புகார்' கலைஞரின் வசனம். தெய்வம் எங்கே என்று கேட்கிற மாதிரி ஒரு பாட்டு வரியைப் பாட மறுத்து, மாற்றச் சொன்னாராம் இந்த முருக பக்தை. மாற்றினார்கள் என்று சொல்வார்கள்.

நடுவே அரசியலும் உண்டு. காங்கிரஸ் மேடைகளில் பாட அவரை இழுத்துவந்தவர் தீரர் சத்தியமூர்த்தி. 1951-ல் மேலவை உறுப்பினர். 1969-ல் 'துணைவன்' படப் பாடலுக்கு சிறந்த பின்னணிப் பாடகி தேசிய விருது, 1970-ல் பத்மஸ்ரீ. அறுபது வயசைத் தாண்டியும் அந்தக் குரலில் ஒரு நூல் பிசகவில்லை.

சம்பாதித்ததில் சொந்த ஊரில் தன் பெயரில் ஒரு சினிமா தியேட்டர் கட்டினார். ரயிலில் பாடிக் காசு வாங்கிய அதே கொடுமுடியில், ஜனங்கள் டிக்கெட் வாங்கிப் படம் பார்த்தார்கள்.

1980-ல் அவர் மறையும்போது கிட்டப்பா போய் 46 வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. கல்யாணமாகி அவரோடு இருந்ததோ, பிரிந்திருந்த நாட்களையும் சேர்த்து, ஆறே வருஷம்தான்.