ஈஸ்ட் கிர்க்பி விமானத் தளமும் அதன் போர்க்காலக் கருவிகளும்

ஈஸ்ட் கிர்க்பி, இங்கிலாந்தின் லிங்கன்ஷயர் பகுதியில் உள்ள முன்னாள் போர் விமானத் தளம். 1943 ஆகஸ்டில் இயங்கத் தொடங்கியது. பிரித்தானிய விமானப்படையின் 57, 630 ஆகிய ஸ்குவாட்ரன்கள் இங்கிருந்து லங்காஸ்டர் குண்டுவீச்சு விமானங்களில் இரவு நேரத் தாக்குதல்களுக்குக் கிளம்பின. போருக்குப் பின் தளம் கைவிடப்பட்டு, நிலம் விவசாயத்துக்குத் திரும்பியது. இன்று அங்கே லிங்கன்ஷயர் விமானப் பாரம்பரிய மையம் என்ற அருங்காட்சியகம் இருக்கிறது.

இதை உருவாக்கியது அரசு அல்ல; ஃபிரெட், ஹெரால்ட் பேன்டன் என்ற விவசாயச் சகோதரர்கள். இவர்களுடைய அண்ணன் கிறிஸ்டோபர், ஹாலிஃபாக்ஸ் விமானமொன்றில் எஞ்சின் பொறுப்பாளராகப் பறந்தவர். 1944 மார்ச் 30 இரவு நியூரம்பெர்க் மீது நடந்த தாக்குதலில் உயிரிழந்தார். பிரித்தானியத் தரப்பு 90-க்கும் மேற்பட்ட விமானங்களை இழந்த இரவு அது. சகோதரர்கள் பழைய தளத்தின் நிலத்தை வாங்கினார்கள், இடிந்துகிடந்த கட்டுப்பாட்டுக் கோபுரத்தைச் சீர்செய்தார்கள், 1983-இல் என்எக்ஸ்611 என்ற லங்காஸ்டரையும் வாங்கினார்கள். 1945-இல் லாங்பிரிட்ஜில் ஆஸ்டின் நிறுவனம் கட்டிய விமானம் அது. பின்னர் பிரெஞ்சுக் கடற்படைக்குப் போய், நியூ கலிடோனியாவில் பணியாற்றி, 1965-இல் இங்கிலாந்து திரும்பியது. பல ஆண்டுகள் ஸ்காம்ப்டன் விமானப்படைத் தளத்தின் வாயிலில் மழையிலும் வெயிலிலும் நின்றது. 1988-இல் ஈஸ்ட் கிர்க்பிக்கு வந்து சேர்ந்தது.

விமானத்தைக் காப்பாற்ற எப்போதும் யாராவது முன்வருவார்கள். அதைச் சுற்றியிருந்த தளவாடங்களுக்குத்தான் ஆளில்லை. எஞ்சினைக் கிளப்ப மின்சாரம் தந்த பேட்டரித் தள்ளுவண்டி, குண்டுகளை ஏற்றிவந்த இழுவண்டி, ஓடுதள விளக்குகள், கோபுரத்துக் கரும்பலகை, தொலைபேசி இணைப்புப் பெட்டி: இவை இல்லாமல் ஒரு விமானமும் கிளம்பியிருக்காது. ஆனால் போர் முடிந்ததும் இவற்றில் பெரும்பாலானவை காயலான் கடைக்குப் போயின. சில குண்டு வண்டிகள் வைக்கோல் ஏற்றும் வண்டிகளாக மாறின. ஆயிரக்கணக்கில் செய்யப்பட்ட பொருள்களே இன்று கிடைப்பதற்கு அரிதாக இருக்கின்றன.

வானொலிக் கருவிகளின் கதை இன்னும் வருத்தமானது. லங்காஸ்டரில் தந்தியாளர் பயன்படுத்திய ஆர்1155 ஏற்பியும் டி1154 பரப்பியும் போருக்குப் பின் உபரிப் பொருளாகச் சொற்ப விலைக்கு விற்கப்பட்டன. பரப்பியின் முகப்பில் சிவப்பு, மஞ்சள், நீல நிறக் குமிழ்கள் உண்டு. அதிர்வெண் வரிசைக்கு ஒரு நிறம். குலுங்கும் விமானத்தில், மங்கலான வெளிச்சத்தில் கை தவறாமலிருக்க அந்த ஏற்பாடு. உபரியாக வாங்கிய வானொலி ஆர்வலர்கள், வீட்டில் பாட்டும் செய்தியும் கேட்பதற்காக ஆர்1155-இன் திசையறியும் பகுதியைப் பிடுங்கிவிட்டு, அந்த இடத்தில் மின்வழங்கியைப் பொருத்தினார்கள். கை படாத பெட்டி கிடைத்தால் அது பெரும் பேறு. உண்மையான பெட்டியை அடையாளம் காண உதவுவது, உலோகத்தில் குத்திய கிரீடமும் அதன்கீழ் விமான அமைச்சகத்தின் ‘ஏஎம்’ முத்திரையும், சரக்குக் கிடங்கின் எண்ணும். வானொலிப் பொருள்களில் பலவற்றுக்கு அந்த எண் 10டி என்று தொடங்கும். விமானக் கருவிகளுக்கு 6ஏ. இதனால்தான் முகப்பை மணல்தாள் போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்கக் கூடாது. பூச்சின் அடியில் வேறு நிறமும் அச்செழுத்தும் இருக்கலாம்; தேய்த்துவிட்டால் அந்தக் கருவி எங்கே, எந்தப் பிரிவில் இருந்தது என்பதற்கான சான்று போய்விடும்.

எண்பதாண்டு பழைய பெட்டிக்கு நேரடியாக மின்சாரம் கொடுப்பதும் ஆபத்து. கம்பிகளின் ரப்பர் உறை தொட்டால் உதிரும். மெழுகு தோய்ந்த காகித மின்தேக்கிகள் கசியும். ஒன்று பழுதானால் மாற்றுக் கிடைக்காத மின்மாற்றியே கருகிவிடலாம். அனுபவமுள்ளவர்கள் மின்தேக்கியின் பழைய உறையைக் கவனமாகத் திறந்து, உள்ளே புதியதை வைத்து, மறுபடி மூடிவிடுகிறார்கள். கழற்றிய பாகத்தைப் பெயரெழுதிப் பெட்டியோடு வைப்பதும், மாற்றியது எது என்று குறிப்பேட்டில் பதிவதும் வேலையின் பாதி. இதைச் செய்யாத பழுதுபார்ப்பு எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும் பாதுகாப்பாகாது.

விமானத்தின் அளவிகளில் இன்னொரு சிக்கல். இருட்டில் ஒளிர்வதற்காக அவற்றின் எண்களில் ரேடியம் கலந்த பூச்சு தடவப்பட்டது. அதிலுள்ள துத்தநாக சல்பைடு சில பத்தாண்டுகளில் தேய்ந்து ஒளி அணைந்துவிடும். ரேடியமோ அப்படியே இருக்கும். அதன் அரைவாழ்வுக் காலம் சுமார் 1,600 ஆண்டுகள். ஒளிராத அளவி ஆபத்தில்லாதது என்று எண்ணிக் கண்ணாடியைக் கழற்றுவதுதான் பெரும் தவறு. உதிர்ந்த பூச்சுத் தூள் மூச்சோடு உள்ளே போனால் கேடு; மூடிய அறையில் ரேடான் வாயுவும் சேரும். அளவியைத் திறக்காமல், எச்சரிக்கைச் சீட்டு ஒட்டி, காற்றோட்டமுள்ள இடத்தில் வைப்பதே முறை.

கருவியை இயக்கலாமா, அசையாமல் வைக்கலாமா என்பதில் ஒருமித்த கருத்தில்லை. இயக்கினால் தேயும், இயக்காவிட்டால் எண்ணெய் இறுகும், சீல்கள் காய்ந்து வெடிக்கும், ஓட்டத் தெரிந்தவர்களின் கைப்பழக்கமும் மறைந்துபோகும். ஒன்றே ஒன்றுதான் மிஞ்சியது என்றால் அதைத் தொடாமல் விடுவதும், பல இருந்தால் ஒன்றை இயக்குவதும் நியாயமான வழி. ஈஸ்ட் கிர்க்பி துணிந்து இயக்கும் பக்கம் நின்றது. 1990-களின் நடுவில் என்எக்ஸ்611-இன் நான்கு மெர்லின் எஞ்சின்களும் மீண்டும் ஓடின. ஒவ்வொன்றும் 27 லிட்டர் கொள்ளளவும் 12 சிலிண்டர்களும் கொண்டது. அன்றிலிருந்து விமானம் பார்வையாளர் முன் தரையில் ஓடிக் காட்டுகிறது. அதை மறுபடி பறக்கத் தகுதியாக்கும் நோக்கத்தோடு, குளிர்காலங்களில் பகுதி பகுதியாகக் கழற்றி, அரிப்பேறிய உலோகத்தை மாற்றும் பணியும் நடக்கிறது. 7,000-க்கும் மேல் கட்டப்பட்ட லங்காஸ்டர்களில் இன்றும் பறக்கும் நிலையில் பேணப்படுபவை இரண்டு: ஒன்று பிரித்தானிய விமானப்படையிடம், மற்றொன்று கனடாவின் ஹாமில்டனில்.