பாம்பன் பாலமும் துருவும்: எஃகுப் பூச்சு குறித்த ஒரு வரலாற்று நோக்கு

பாலங்களின் வரலாற்றை எழுதுவோர் அவை திறக்கப்பெற்ற நாளையும் அமைத்த பொறியாளர்களையும் குறிப்பிடுவது வழக்கம். அவற்றின்மேல் பூசப்பெற்ற பூச்சினைப் பற்றிய செய்திகள் அரிதாகவே இடம்பெறுகின்றன. ஆயினும், கடலிடையே நிற்கும் எஃகுக் கட்டுமானத்தின் ஆயுளைப் பெரிதும் அறுதியிடுவது அப்பூச்சே எனலாம். இக்கருத்தினைப் பாம்பன் இரயில் பாலத்தை முன்வைத்து ஈண்டு ஆராய்வோம்.

மண்டபத்தையும் இராமேசுவரம் தீவையும் இணைத்த பழைய பாலம் 1914ஆம் ஆண்டு பிப்ரவரி 24ஆம் நாள் திறக்கப்பெற்றது. ஏறத்தாழ 2 கிலோமீட்டர் நீளமுடைய அதன் இடையே, கப்பல்களுக்கு வழிவிட இருபுறமும் மேலெழும் ஷெர்சர் வகைத் தூக்குப் பகுதி அமைந்திருந்தது. 1964 டிசம்பர்ப் புயல் பாலத்தின் பெரும்பகுதியைச் சிதைத்தபோதும் அத்தூக்குப் பகுதி நிலைத்து நின்றது. இ. ஸ்ரீதரன் தலைமையில் 46 நாள்களில் பாலம் சீரமைக்கப்பெற்றது. அவ்வாறு புயலுக்கு ஈடுகொடுத்த தூக்குப் பகுதியே துருவினால் நலிவுற்றது. அதன் விளைவாக, 2022 டிசம்பரில் இரயில் போக்குவரத்து நிறுத்தப்பட்டது.

இதற்குக் காரணம் என்ன? உப்பும் ஈரமும் எஃகை அரிக்கின்றன என்பது யாவரும் அறிந்ததே. வெயிலின் பங்கோ பலரும் கருதாதது. பகலில் சூடேறி விரியும் எஃகு இரவில் குளிர்ந்து சுருங்குகிறது. புறஊதாக் கதிர்களால் நலிந்த பூச்சு இவ்வசைவிற்கு ஈடுகொடுக்க இயலாமல் நுண்வெடிப்புக் காண்கிறது. அவ்வெடிப்பின்வழிப் புகும் உப்புநீர் பூச்சின் அடியிலேயே துருவைப் பரப்புகிறது.

எஃகுப் பாலங்களுக்கு ஆளிவிதை எண்ணெயில் குழைத்த சிவப்பு ஈயத்தை அடிப்பூச்சாக இடுவது அக்கால வழக்கம். பின்னர்த் துத்தநாகப் பூச்சுகள் பரவலாயின. துத்தநாகம் தான் முதலில் அரிபட்டு எஃகைக் காக்கும் இயல்புடையது. காரைக்குடியில் இயங்கும் மத்திய மின்வேதியியல் ஆய்வகம், பாம்பனுக்கு அண்மையிலுள்ள மண்டபம் முகாமில் அரிமான ஆய்வு நிலையம் அமைத்தமை இவ்விடத்தின் கடுமைக்குச் சான்றாகும்.

2025 ஏப்ரல் 6ஆம் நாள் திறக்கப்பெற்ற புதிய பாலத்திற்குப் பாலிசிலாக்சேன் பூச்சு இடப்பட்டுள்ளது. இதன் சிலிக்கன்–ஆக்சிஜன் பிணைப்பு, சாதாரண வண்ணப்பூச்சுகளின் கரிமப் பிணைப்பைவிட வெப்பத்தையும் கதிர்களையும் நன்கு தாங்கவல்லது. எனினும், பாலம் திறக்கப்படுமுன்னரே, 2024 நவம்பரில், இரயில்வே பாதுகாப்பு ஆணையரின் அறிக்கை துருவைப் பற்றி எச்சரித்தமை குறிப்பிடத்தக்கது.

பழைய பாலம் நூறாண்டு கடந்து பணியாற்றியதற்கு, கடற்காற்றில் தொங்கியவாறு துருவைச் சுரண்டி மீண்டும் மீண்டும் பூச்சிட்ட தொழிலாளர்களும் காரணர். அவர்தம் பெயர்கள் கல்வெட்டில் இல்லை. பராமரிப்புப் பதிவேடுகளையும் வரலாற்று ஆவணங்களாகப் பேணுவோமாயின், அவ்வுழைப்பு வரலாற்றில் தனக்குரிய இடத்தைப் பெறும்.