பத்தாயிரம் இலைகளுக்கு ஒரு பரிமாறுநர்

ஓர் இணையதளம் திறக்கத் தாமதித்தால் வழங்கிக்கு வலு போதவில்லை என்கிறோம். நினைவகத்தைக் கூட்டு, இன்னொரு கணினி வாங்கு என்பதே நாமறிந்த மருந்து. அது நோய்க்கு உரிய மருந்துதானா என்னும் ஐயத்தை 1999இல் எழுப்பியவர் டான் கெகல் என்ற நிரலாளர். ஒரே கணினி ஒரே வேளையில் பத்தாயிரம் பேருக்கு ஏன் பக்கங்களை வழங்கலாகாது? இவ்வினாவுக்கு அவர் இட்ட 'சி10கே சிக்கல்' என்ற பெயர் நிலைத்துவிட்டது.

அவரது வாதம் எளிய வகுத்தல் கணக்கு. 2 கிகாபைட் நினைவகத்தை 20,000 பேருக்குப் பங்கிட்டாலும் தலைக்கு 100 கிலோபைட் கிடைக்கும். ஒரு கோப்பை எடுத்து அனுப்ப அது தாராளம். அப்படியாயின் நினைவகம் எங்கே போயிற்று?

1995இல் தோன்றி அந்நாளில் கோலோச்சிய அப்பாச்சி வழங்கி, ஒவ்வோர் இணைப்புக்கும் 'ப்ராசஸ்' எனப்படும் தனி இயக்கம் ஒன்றை ஒதுக்கியது. கல்யாணப் பந்தியில் இலைக்கு ஒரு பரிமாறுநரை நிறுத்துவது போன்ற ஏற்பாடு. உண்பவர் நிதானமாக உண்டால் பரிமாறுநர் கரண்டியும் கையுமாக நிற்க வேண்டியதுதான். தொலைபேசிக் கம்பி வழியே ஆமை வேகத்தில் இணைந்தோர் மிகுந்திருந்த காலம் அது. ஓர் இயக்கத்துக்கு 5 மெகாபைட் என்று கொண்டாலும் 10,000 பேருக்கு 50,000 மெகாபைட் ஆகிறது. நினைவகத்தை விழுங்கியது வேலை அன்று, காத்திருப்பு. ஆயினும் அப்பாச்சியைப் பழிப்பது நியாயமாகாது. ஓர் இயக்கம் குலைந்தாலும் மற்றவை பிழைத்துக்கொள்ளும் என்ற காப்பு அம்முறையில் இருந்தது.

ஒருவரே பந்தி முழுவதையும் கவனிக்க வேண்டுமாயின், எந்த இலைக்கு இப்போது தேவை என்பது அவருக்குத் தெரிய வேண்டும். 1983இல் பி.எஸ்.டி. யூனிக்ஸில் வந்த 'செலக்ட்' என்னும் வசதி, ஒவ்வொரு முறையும் எல்லா இலைகளையும் எட்டிப் பார்த்துவந்தது. பத்து இலைக்குச் சரி. பத்தாயிரத்துக்குக் கால் ஓய்ந்துவிடும். 2000இல் ஃப்ரீபிஎஸ்டியில் வந்த 'கேக்யூ'வும், 2002இல் லினக்ஸின் சோதனைப் பதிப்பில் சேர்ந்த 'ஈபோல்'லும், கைகாட்டிய இலைகளை மட்டுமே தெரிவித்தன. நம் பார்வையில் இதுவே திருப்புமுனை. ஆனால் இயங்குதளத்தின் அடியாழத்தில் நிகழ்ந்ததால் பேசப்படவே இல்லை.

ரஷ்யாவின் ராம்ப்ளர் நிறுவனத்தில் கணினி நிர்வாகியாயிருந்த இகோர் சிசோயெவ், 2002இல் எழுதத் தொடங்கி 2004 அக்டோபரில் பொதுவில் வைத்த என்ஜின்எக்ஸ் இவ்வசதிகளின்மேல் எழுந்தது. செயலியின் கருவுக்கு ஓர் இயக்கம் போதும். அது ஆயிரக்கணக்கான இணைப்புகளைத் தானே சுற்றிவந்து கவனிக்கும். திறந்த நிலையில் சும்மா இருக்கும் 10,000 இணைப்புகளுக்கு ஏறத்தாழ 2.5 மெகாபைட் போதும் என்கிறது அதன் ஆவணம்.

இம்முறைக்கும் ஒரு குறை உண்டு. அந்த ஒற்றைப் பரிமாறுநர் சமையலறையில், அதாவது வட்டிலிருந்து கோப்பு வரும்வரை, தடைபட்டு நின்றால் பந்தி முழுவதும் காத்திருக்கும். இதற்கென 2015இல் என்ஜின்எக்ஸ் சில எடுபிடிகளைத் தனியே அமர்த்திக்கொண்டது. அதற்கு மூன்றாண்டு முன்னரே, 2012இல் வந்த தன் 2.4 பதிப்பில், சும்மா காத்திருக்கும் இணைப்புகளுக்கு ஆள் ஒதுக்காத புதிய முறையை அப்பாச்சியும் முழுமையாக ஏற்றுக்கொண்டிருந்தது.