வேட்டை

‘வேட்டை’யின் பழைய வடிவம் வேட்டம். சங்க இலக்கியத்தில் கடலில் மீன் பிடிப்பதும் வேட்டமே. வேடன், வேட்டுவன் ஆகியவை இதன் இனச் சொற்கள். விருப்பத்தைக் குறிக்கும் வேட்கையும் ஒலியில் நெருங்கியதுதான். ஆனால் வேர் ஒன்றே என்று சொல்ல ஒலி ஒற்றுமை மட்டும் போதாது. இன்றைய செய்தித்தாள்களில் ‘வசூல் வேட்டை’, ‘வாக்கு வேட்டை’ என்று சொல் காட்டைவிட்டே வெளியேறிவிட்டது. காட்டு வேட்டையுடனோ ஆங்கிலேயர் காலத்தில் ‘லைசென்ஸ்’, ‘சீசன்’ இரண்டும் ஒட்டிக்கொண்டன. நீலகிரி வேட்டை விலங்குகளுக்கென 1879-இல் தனிச் சட்டமே வந்தது. சீசனுக்குப் ‘பருவம்’ தடையின்றிப் பொருந்தும். லைசென்ஸுக்கு வழங்கும் ‘உரிமம்’ அப்படியன்று: அது உரிமையை நினைவூட்டுகிறது, இலத்தீன் மூலமோ இசைவைக் குறிக்கிறது. மான் சுட அரசு தந்தது உரிமை அன்று, மாதக் கணக்குக்கு உட்பட்ட இசைவு. ‘இசைவுச்சீட்டு’ என்பதே நேர்மையான சொல். 1972-ஆம் ஆண்டின் வனவுயிர் பாதுகாப்புச் சட்டத்தில் 1991-இல் செய்த திருத்தம் வேட்டை இசைவுச்சீட்டுகளை ஒழித்தது. அச்சட்டத்தில் வேட்டையின் பொருள் கொல்வதோடு நிற்பதில்லை. கிண்டியில் புள்ளிமானுக்குக் கண்ணி வைப்பதும், பெரும்பாக்கம் சதுப்பு நிலத்தில் காட்டுப் பறவையின் கூட்டைக் கலைப்பதும் வேட்டையே.