குடிமராமத்து

எம்.ரெட்டியபட்டிப் பக்கம் மழைக்கு முன் செய்தாக வேண்டிய வேலை இது. ‘குடி’ தமிழ், நிலம் வைத்து உழுகிற ஊரார். ‘மராமத்து’ அரபியில் பிறந்து, பாரசீகம், உருது வழியே கச்சேரிக் காகிதத்தில் ஏறிய சொல், செப்பனிடுதல். ஆயக்கட்டுக்காரர்களே கூடிக் கண்மாய்க் கரையை உயர்த்துவது, வரத்துக்காலைத் தூர்வாருவது. பெயரில் பாதிதான் இரவல். வேலை மிகப் பழையது. ஒரு கண்மாயின் மறுகால் தண்ணீரே அடுத்த கண்மாய்க்கு வரத்து. மேலூர் அசந்தால் கீழூர் காயும். தனியூர்க் கணக்கு இங்கே செல்லாது.

சென்னை மாகாணத்துக்கென 1858-இல் வந்த கட்டாய உழைப்புச் சட்டம் இதையும் தனக்குள் கொண்டுவந்தது. வராதவரிடம் பணம் வசூலிக்கவும் அதில் வழி இருந்தது. உறவை உத்தரவாக்கினால் உறவு மிஞ்சுமா? 2017-இல் தமிழக அரசு தொடங்கிய திட்டத்துக்கும் இதே பெயர். அதில் பாசனதாரர் பங்கு பத்து சதவீதமாக இருந்தது.